எங்கள் ஒழுங்கைக்குள் வராத ஓட்டோ

குரலை விற்றுப் பிழைப்பவனுக்கு ஒரு வசதி உண்டு, சரக்கு அழுகாது. ஒரு வசதியீனமும் உண்டு, முதலில் எதற்கு விற்றானோ அதற்கே அந்தக் குரல் சொந்தமாகிவிடும். கேக் சுடத் தெரிந்த குற்றத்துக்காகக் கேக் விற்கப் போனவர்களும், பூ வேலை கைவந்த பாவத்துக்காக ஊரார் அபாயாவுக்கெல்லாம் கல் ஒட்டிக்கொண்டிருப்பவர்களும் இதை வாசித்தால், இதே சிறைக்குள்ளே இன்னொருவனும் இருக்கிறான் என்று ஆறுதல் கொள்ளலாம்.

அலுமாரி நிலையம்

நான் வேலை பார்த்த புத்தகக் கடை பொருளாதார நெருக்கடிக் காலத்தில் பூட்டப்பட்டது. எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்: எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், பழைய வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல, ழகரத்தை அதற்குரிய இடத்தில் வைத்து, உரக்க வாசிப்பது. ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஓட்டும் நிஸார் இதைக் கேட்டிருக்கிறான். ஊரில் யாராவது மௌத்தானால் பெயரையும் நல்லடக்க நேரத்தையும் தெருத் தெருவாக அறிவித்துப் போவது அவன் வேலை. அவனுடைய சொந்தக் குரலில் அது மீன் ஏலம் போலிருக்கும். நான் வாசித்துப் பதிவுசெய்து கொடுத்தால் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவதாகச் சொன்னான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். ஆகவே நான் இருப்பது என் மனைவி பரீனாவின் வீடு, பெரிய வீதியிலிருந்து பிரியும் குறுகிய ஒழுங்கைக்குள். அடுத்த அறையில் அவளுடைய வாப்பா, என் மாமா, இருதயம் பலவீனப்பட்டுப் படுத்திருந்தார். கல்முனைச் சந்தையில் அரிசிக் கடை நடத்தியவர். அதிர்ச்சியான செய்தி எதுவும் அவர் காதில் விழக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானோ அப்படிப்பட்ட செய்தியை மட்டுமே உற்பத்தி செய்யும் தொழிலை அதே வீட்டில் தொடங்குகிறேன்.

சத்தம் வெளியே போகாமலிருக்க, அலுமாரியைத் திறந்து, பரீனாவின் அபாயாக்களுக்கு நடுவே தலையையும் போனையும் நுழைத்துக்கொண்டு முதல் ஜனாஸா அறிவித்தலை வாசித்தேன். நல்ல வேளை, போனவர் மாமாவுக்குப் பழக்கமில்லாதவர். முடித்துத் தலையை வெளியே எடுத்தபோது சுவருக்கு அப்பாலிருந்து மாமா கேட்டார்: "மருமகன், அலுமாரிக்குள்ள ஆரு மௌத்து?"

பெருநாள் கழிவு

மௌத்து வீட்டுக்காரரிடம் கூலி கேட்க எனக்கு வாய் வராது. கடை விளம்பரங்களை நம்பித்தான் இறங்கியிருந்தேன். புடவைக் கடை ஹாஜியார் ஒருவர் நோன்புப் பெருநாளுக்கு முன்னர் விலைக் கழிவு விற்பனையை அறிவிக்கச் சொன்னார். சிரித்துக்கொண்டே வாசித்தால் அந்தச் சிரிப்பு குரலிலும் கேட்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அதை நம்பி, அலுமாரிக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு வாசித்தேன்.

நிஸாரின் ஓட்டோ கடற்கரை வீதியால் போனது. "அன்பார்ந்த பொதுமக்களே" என்று என் குரல் எழுந்ததும் கரம் பலகையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்து, மௌத்துச் செய்திக்குச் சொல்லும் "இன்னாலில்லாஹி" சொன்னார்கள். சிறுவர் உடுப்பு அரைவிலை என்ற இடம் வருவதற்குள் ஓட்டோ அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

மறுநாள் ஹாஜியார் கூப்பிட்டனுப்பினார். கோபப்படவில்லை, துக்கம் விசாரிக்க வந்தவரைப் போலத்தான் கதைத்தார். "சனம் வராம இல்ல தம்பி. வருது. வந்து மௌத்துக்குச் சுத்துற கபன் புடவ கேக்குது."

பாண்டிருப்புப் பாண்

என் குரலைத் தெரியாத ஓர் ஊர் தேவைப்பட்டது. அது நடந்து போகும் தூரத்திலேயே இருந்தது. பாண்டிருப்பு தமிழர் ஊர், அங்கே நிஸாரின் ஜனாஸா ஓட்டோ போவதில்லை. புத்தகக் கடையில் என்னோடு வேலை பார்த்த, என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் யோகன் அங்கே சிறிய பேக்கரி ஒன்று திறந்திருந்தான். சூடான பாணும் பணிஸும் வந்திருப்பதாக என் பதிவு சொல்லச் சொல்ல, அவனுடைய பாண் வண்டி காலையில் கோயிலைச் சுற்றி ஓடியது. என் குரலைக் கேட்டு மனிதர்கள் சிரித்த முகத்தோடு வெளியே வந்த காலம் அது ஒன்றுதான். ஒரு மதிலோரம் நின்று அதைப் பார்த்து ரசித்திருக்கிறேன்.

பிறகு யோகனின் தாய் இறந்தார். மரண அறிவித்தலை நான்தான் வாசிக்க வேண்டும் என்றான். வாசித்தால் பாண் போய்விடும் என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கியது. அழுதுகொண்டு நிற்பவனிடம் அதை எப்படிச் சொல்வது? வாசித்தேன். செத்தவீட்டுக் காரியங்கள் முடிந்ததும் அவன் வீட்டுக்கு வந்து, ஒரு பை நிறையப் பணிஸை வைத்துவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: "அம்மாவச் சொன்ன குரலால இனிப் பாண் கூப்பிட ஏலாது காக்கா. கோவிக்காதீங்க."

திருப்பத்தில் நின்ற சத்தம்

அந்த வருடம் மாமாவின் கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் போகத் தொடங்கினார்கள். முதலில் மீராசாகிபு, சாகாமத்தில் மாமாவோடு பக்கத்துப் பக்கத்து வயல் செய்தவர். "வாப்பாட காதுல விழப்படாது" என்று பரீனா அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் முணுமுணுப்பதுபோல வாசித்தேன். நிஸாரிடம், இந்த ஒரு மௌத்துக்கு மட்டும் எங்கள் ஒழுங்கைக்குள் வராதே என்றேன். அவன் திருப்பத்தில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு நேரே போய்விட்டான். அடுத்த கூட்டாளிக்கும் அதே ஏற்பாடு, அதற்கடுத்தவருக்கும் அதே ஏற்பாடு. மற்ற மௌத்துகளுக்கு வழக்கம்போல வந்து போனான். ஒரு நோயாளியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குள் பெரிய பெருமிதம்.

மூன்றாமவர் போன அன்று பகல் மாமா சோற்றில் கை வைக்கவில்லை. தட்டை மெதுவாக ஓரத்துக்குத் தள்ளினார். "தூரத்தில ஓட்டோட சத்தம் கேட்டிச்சு. நம்மட ஒழுங்கைக்குள்ள வரல்ல. அப்ப என்ட ஆள்தான். ஆரு, சொல்லுங்க மருமகன்."

மாமாவின் ஓடர்

மூன்று பேரையும் சொன்னேன். அவருடைய இருதயம் நிற்கவில்லை. என்னுடையதுதான் தாறுமாறாக அடித்துக்கொண்டது. அவர் மூவருக்கும் கையேந்தித் துஆக் கேட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஓட்டோ உள்ளே வராத ஒவ்வொரு நாளும், போனது யார் என்று தெரியாமல், தனக்கு வேண்டிய அத்தனை பேரையும் மாறி மாறி மனதுக்குள் அடக்கம் பண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறார். பெருநாளன்று மீராசாகிபு வராதபோதும், வராத மற்றவர்களையும் சேர்த்தே மௌத்தென்று நினைத்திருக்கிறார். ஒரு மௌத்தை மறைத்து அவருக்குப் பத்து மௌத்தைக் கொடுத்திருக்கிறேன். நான் படித்த புத்தகங்களில் ஒன்றுகூட இதை எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

இனி யார் மௌத்தானாலும் ஒழுங்கைக்குள் வர வேண்டும் என்று மாமாவுக்கு முன்னாலேயே நிஸாருக்குப் போன் பண்ணினேன். மாமா தலையணையில் சாய்ந்துகொண்டார். ஒரு கோப்பை பிளேன்ரீ கேட்பவரைப் போல அடுத்ததைச் சொன்னார்: "என்டதையும் உள்ளுக்கு வரச் சொல்லுங்க. இல்லாட்டி ஆருட மௌத்தெண்டு யோசிச்சிட்டுக் கிடப்பன்."

கதிரைகள்

மாமா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மௌத்தானார். பரீனா அழுதுகொண்டே வந்து, அபாயாக்களை ஒதுக்கி, அலுமாரிக்குள் எனக்கு இடம் செய்து தந்தாள். சத்தத்தை யாருக்கும் மறைக்க வேண்டிய தேவை அந்த வீட்டில் இனி இல்லை. ஆனாலும் குரல் முணுமுணுப்பாகத்தான் வந்தது. கேட்கவில்லை என்று நிஸார் திருப்பி அனுப்ப, மறுபடி வாசித்தேன்.

வாசலில், வருபவர்கள் உட்காரக் கதிரைகளைப் பரத்திக்கொண்டிருந்தபோது ஓட்டோ நெருங்குவது கேட்டது. என்னுடைய குரல் மாமாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு பெரிய வீதியால் வந்தது. திருப்பத்தில் அது நின்றது. கதிரையைப் பிடித்தபடி காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த தெருவில் கேட்டது.

மையவாடியில் மண் போட்டு முடிந்ததும் நிஸாரைப் பிடித்தேன். மாமா என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான் என்றேன். அவன் கையிலிருந்த மணலைத் தட்டித் தட்டி, இல்லாத மணலையும் தட்டிக்கொண்டு நின்றான். "நீங்க சொன்னது ஞாபகம்தான் காக்கா. திருப்பத்தான் போனன். உள்ள அவர் கேட்டுட்டுக் கிடப்பார் எண்டு நெனச்சன், கை ஏலல்ல."

தொழில் நன்றாகத்தான் நடக்கிறது, என் குரல் கேட்டால் ஊரே எழுந்து நிற்கிறது. புத்தகத்தை மட்டும் இப்போது மனதுக்குள் வாசிக்கிறேன்.