குட்டைக்கு முழு மார்க்

1. முதல் நாள்

கீழ்பென்னாத்தூர் பக்கம் இருந்த அந்தப் பெரிய விதைக் கம்பெனியில் என்னைப் பூச்செண்டு கொடுத்து வரவேற்றார்கள். எனக்கு அப்போதே எரிச்சல். மண்ணையும் நீரையும் உயிரினங்களையும் கம்பெனி எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்து மார்க் போடுவது என் வேலை. ஆடிட் என்போம். அதற்கு எதற்குப் பூச்செண்டு?

வயல் முழுக்க நடந்தும் ஒரு தவளை குதிக்கவில்லை. அவ்வளவு மருந்து. கடைசியில் வேலியோரம் ஒரு குட்டை. சம்புக் கோரை மண்டிக் கிடந்தது. கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள், தண்ணீரில் முங்கி எழும் முக்குளிப்பான் பறவைகள். எனக்கு உயிர் வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஏழுமலை என்கிற விவசாயியின் கடலைக் கொல்லை. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"அம்மா, இந்தக் குட்டைய மட்டும் அப்டியே வுட்டுட சொல்லுங்க. இதுல தண்ணி நின்னாதான் எங்க கெணத்துல ஊறும். நாங்க கேட்டாண்ட போனாலே வெரட்டுறாங்க."

மேனேஜரிடம் சொன்னேன். "உங்க இடத்துல உருப்படியா இருக்கறது இது ஒண்ணுதான். எங்க தலைமை ஆபீஸ் குழு வரும்போது இதைத்தான் காட்டப்போறேன். பத்திரமா வெச்சிருங்க."

"கவலையே படாதீங்க மேடம், நானே பாத்துக்கறேன்" என்றார்.

2. அவர் பார்த்துக்கொண்டது

மேலதிகாரி வருகிறார் என்றால் நம் ஆபீஸ்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். புதர் வெட்டுவோம், சுண்ணாம்பு அடிப்போம். குழுவோடு நான் திரும்பிப் போனபோது குட்டைக்கும் அதுதான் நடந்திருந்தது. ஜேசிபி விட்டுச் சம்பை வழித்துவிட்டார்கள். கருவேல மரம் இல்லை. கரையெல்லாம் குரோட்டன்ஸ், அடியில் சிமெண்ட், நடுவில் நீரூற்று. பல்லுயிர்ப் பூங்கா என்று ஒரு போர்டு. அதில் தூக்கணாங்குருவி படம்.

"குருவிங்க எங்க சார்?"

"மரம் பூரா குப்பையா தொங்கிட்டிருந்தது மேடம். க்ளீன் பண்ணிட்டோம். நீங்க சொன்னீங்கன்னுதான் பட்ஜெட்டே ஜாஸ்தியா வாங்கினேன்."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. கெட்ட மனிதராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நான் பூஜ்யம் போட்டேன். குழுத் தலைவர் சிரித்தார். "நீர்நிலை இருக்கா? இருக்கு. பராமரிக்கிறாங்களா? பளிச்சுனு இருக்கு. எதுக்கு மேடம் கம்மி பண்றீங்க?" முழு மார்க் என்று மாற்றிவிட்டார்கள். கத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

3. பஸ் ஸ்டாண்டில்

அடுத்த கோடையில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஏழுமலையைப் பார்த்தேன். குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சிமெண்ட் போட்டபிறகு கிணற்றில் ஊற்று நின்றுபோனது. கொல்லை கருகிவிட்டது.

"நீங்களாவது எங்களுக்காவ பேசுனீங்கம்மா" என்று கும்பிட்டார்.

பேசியதால்தான் போயிற்று என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பஸ் புறப்படும்வரை நின்றுவிட்டு வேங்கிக்காலில் இருக்கும் வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அறிவுரை கேட்கிறார்கள். ஒன்றுதான் இருக்கிறது. எங்காவது ஒரு குட்டை உயிரோடு இருப்பதைப் பார்த்தால், பார்க்காத மாதிரி வந்துவிடுங்கள்.