மேஜர் மறுபடி போட்ட கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை புதுக்கோட்டை பஸ்ஸின் கண்டக்டர் நேரே எங்கள் திருவரங்குளம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "ஆவூர் மேரி டீச்சர் காலையில தவறிட்டாங்க. ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க" என்றார். கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். ஆவூர்ப் பள்ளியில் ஆறு வருஷம் அவருக்கு அடுத்த வகுப்பில் பாடம் நடத்தியவள் நான்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பைத்தியமும் தெரியும். சண்டைக் காலத்தில் நாமெல்லாம் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைய, இந்த அம்மாள் பட்டாள அதிகாரிகளின் கையெழுத்திட்ட போட்டோக்களுக்கு அலைந்தார். பட்டாளத்துக்குப் போன பிள்ளைகளின் தாய்மார்களுக்குக் கடிதம் படித்துச் சொல்வார், பதிலும் எழுதித் தருவார். அதற்குக் கூலி, அந்தப் பிள்ளையின் அதிகாரி பெயரும் முகவரியும்தான். தபால்காரர் கெட்டி உறையோடு வந்தால் வகுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். இப்படிப் பதினோரு படங்கள் சேர்ந்தன. மீசைக்காரர்கள் தனி, மீசை இல்லாதவர்கள் தனி என்று அடுக்கி எனக்குத் தினமும் காட்டுவார். நானும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்து வைப்பேன்.

பன்னிரண்டாவது ஒரு மேஜர். பர்மாவிலிருந்து நம் பக்கத்துப் பையன்கள் பலரை உயிரோடு மீட்டு வந்தவர் என்று பேச்சு. அவர் படத்தின்மேல்தான் டீச்சருக்கு உயிர். ஒன்றரை வருஷம் விடாமல் எழுதிய பிறகு வந்தது. எங்கள் இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. ஆனால் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. கோழி கிளறியதுபோல் ஒரே கிறுக்கல்.

"மூணாங்கிளாஸ் பிள்ளை இப்படிப் போட்டா விடுவேனா? மேஜர்னா மட்டும் விட்டுருவேனா?" என்றார். நான் எவ்வளவோ தடுத்தேன். படத்தின் அடியில் சிவப்புப் பென்சிலால் காப்பி நோட்டில் இருப்பதுபோல் நாலு கோடு கிழித்து, தெளிவாக மறுபடி எழுதவும் என்று சீட்டும் வைத்துத் திருப்பியே அனுப்பிவிட்டார்!

நாலு மாதம் பதில் இல்லை. கப்பல் முழுகியதோ, மேஜருக்குக் கோபமோ என்று நான் புலம்பித் தீர்த்தேன். அவரோ வாசலைப் பார்த்தபடியே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். கடைசியில் வந்தது. இருவருமாகப் பிய்த்தோம். நாலு கோட்டுக்குள் ஓர் எழுத்துகூட வெளியே நீட்டாமல், குண்டு குண்டாக மேஜரின் பெயர். நான் கைதட்டிவிட்டேன். டீச்சர் படத்தோடு வந்த கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். வலது கையைப் பர்மாவில் விட்டுவிட்டாராம். இடது கையால் இப்போதுதான் பழகுகிறாராம். இருபது தாள் எழுதிப் பார்த்துவிட்டுப் போட்ட கையெழுத்தாம். தேறிவிட்டேனா என்று கேட்டிருந்தார்.

டீச்சர் வகுப்புக்குள் போனார். மறுபடி எழுதச் சொல்லி நிறுத்திவைத்திருந்த பிள்ளைகளிடம், "கையைக் காட்டுங்கப்பா" என்றார். ஒருத்தனுக்கு விரலில் நகச்சுத்தி. இன்னொருத்திக்குக் கருக்கரிவாள் வெட்டு. ஒவ்வொரு கையையும் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

படங்களெல்லாம் இப்போது அவர் தங்கை வீட்டில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதுமுன் எதையும் தமிழில் எழுதிப் பார்ப்பது அவர் வழக்கம். மேஜருக்கு அனுப்பிய பதிலை அப்படி எழுதிப் பார்த்த துண்டுத்தாளை மட்டும் நான் வைத்திருக்கிறேன். அதில் ஒரே வரிதான்:

"நீங்கள் தேறிவிட்டீர்கள் ஐயா; டீச்சர்தான் தேறவில்லை."