கொழுந்தனார் மகளைச் சந்தேகப்பட்ட மாதம்

கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியை. சம்பளம் போடும் வங்கியே ஒரு கிரெடிட் கார்டும் கொடுத்திருந்தது. கடன் என்றால் எனக்குப் பயம். அதனால் மருந்து, கரண்ட் பில், உரக்கடை, எப்போதாவது ஒரு துணி, அவ்வளவுதான். மாதம் ஆறாயிரத்தைத் தாண்டக் கூடாது. தேய்த்த அன்றே நோட்டில் தேதி, கடை, தொகை எழுதிவிடுவேன். பில் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக டிக் அடிப்பேன். நெல்லும் மாடும் தவிர வேறு கணக்கு அறியாத என் கணவர் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

போன வருஷம் ஒரு மாதம் எண்பத்து நான்கு ரூபாய் உதைத்தது. பில்லில் இருந்த அந்த ஆங்கிலப் பெயர் எந்தக் கடை என்று புரியவில்லை. எழுத மறந்திருப்பேன் என்று நினைத்து, 'சில்லறை' என்று போட்டு மூடிவிட்டேன். அடுத்த மாதம் அதே பெயரில் நாலாயிரத்து முந்நூறு ஒரு முறை, இரண்டாயிரத்து நூற்றுப் பத்து ஒரு முறை.

வங்கிக்குப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாடி அறையில் இருந்த பெண்தான் நினைவுக்கு வந்தாள்.

அவள் என் கொழுந்தனார் மகள். எங்கள் வீட்டில் தங்கிப் பாலக்காட்டுக் கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வந்தாள். எனக்கு ஒரு சேலை வாங்குவதற்காக என் கார்டு எண்ணை அவள் போனில் நானே பதிந்து கொடுத்திருந்தேன். வங்கி அனுப்பும் ஓடிபி என் கணவர் போனுக்கு வரும். அந்தப் போனோ நாள் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் கிடக்கும்.

நான்கு நாள் யாரிடமும் சொல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் புது இயர்போன். குப்பைக்கூடையில் கிழித்த பார்சல் கவர். போன் வந்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போனாள். முன்பும் அப்படித்தான் போவாள், ஆனால் அந்த நான்கு நாளும் எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. அவள் கல்லூரிக்குப் போன பிறகு அவளுடைய அலமாரியைத் திறந்துகூடப் பார்த்தேன்.

என் கணவரிடம் மெல்லக் கேட்டேன். "ஏனுங்க, அம்மிணி கையில காசு கொஞ்சம் தாராளமாப் பொழங்குதுங்களா?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதானுங்க."

"நீ சும்மா கேக்கற ஆளில்லையே" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "அம்மிணி, என் கார்டுல ஏதாச்சும் வாங்கினியா?"

"இல்லீங்க பெரீம்மா."

"தெரியாமக் கை பட்டிருந்தாலும் சொல்லு. நான் திட்டமாட்டேன்."

அவள் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினாள். போனைக் கொண்டுவந்து, வாங்கிய பொருள்களின் பட்டியலைத் திறந்து என் முன் வைத்தாள். "பாருங்க. உங்க கார்டுல உங்க சேலை ஒண்ணுதான். இயர்போன் அப்பா வாங்கிக் குடுத்தது." பிறகு பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். "இது டாலர்ல போயிருக்குதுங்க. வெளிநாட்டுக் கடைங்க பலதும் ஓடிபி கேக்காது. பெரீப்பா போனைப் பாத்தீங்களா?"

படிக்காத நூற்றுக்கணக்கான மெசேஜ்களுக்கு நடுவில் வங்கியின் மூன்று மெசேஜும் இருந்தன. அந்த நிமிஷமே கார்டை முடக்கச் சொன்னோம்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போனேன். மேனேஜர் மலையாளி. "டீச்சரே, மெசேஜ் அன்னைக்கே போயிருக்கே. இவ்வளவு நாள் கழிச்சு வர்றீங்க. வீட்டுல யாராவது எடுத்திருப்பாங்களோ?"

என்னுடைய கேள்விதான் அது. அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்கு முகம் சுட்டது. "எங்க ஊட்டுல யாரும் எடுக்கலீங்க" என்று நோட்டை எடுத்து வைத்தேன்.

அவர் ஒவ்வொரு வரியாகக் கேட்கக் கேட்க, நான் நோட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அறுநூற்று நாற்பது ரூபாயில் நின்றோம். அந்தப் பெயரும் தெரியாததுதான். பதற்றத்தில் நோட்டோடு ஒப்பிடாமல் அதையும் திருட்டு என்றே குறித்திருந்தேன். நோட்டில் அதே தேதியில் அதே தொகை மருந்துக் கடைக்கு இருந்தது. அங்கிருந்தே போனில் கேட்டேன்; கடைக்காரர் தன் தம்பியின் வேறொரு நிறுவனப் பெயரில் கார்டு மெஷின் வைத்திருந்தாராம். கையெழுத்துக்கு முன் புகாரில் அந்த வரியை அடித்துவிட்டேன். பொய்ப் புகார் ஒன்று சேர்ந்திருந்தால் மற்றதையும் நம்பியிருக்க மாட்டார்கள். மேனேஜர் நோட்டின் பக்கங்களைப் பிரதி எடுத்துக்கொண்டார்.

போலீஸுக்கான புகாரை மலையாளத்தில் எழுத வேண்டியிருந்தது. எனக்கு அந்த எழுத்து சரளமாக வராது. கொழுந்தனார் மகள்தான் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினாள்.

கிட்டத்தட்ட இரண்டு மாதம் கழித்து, இரண்டு தவணையாக ஆறாயிரத்து நானூற்றுப் பத்தும் திரும்பி வந்தது. பழைய எண்பத்து நான்குக்குப் புகார் கொடுக்கும் காலம் தாண்டிவிட்டது என்றார்கள். புதுக் கார்டில் வெளிநாட்டு வியாபாரத்தை அடைத்துவிட்டேன். மெசேஜ் இப்போது என் போனுக்கே வருகிறது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க பெரீம்மா" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பார்சல் எது வந்தாலும் அவளே போனோடு வந்து நிற்கிறாள்: என்ன பொருள், யார் காசு என்று.

"வேண்டாம் அம்மிணி, நான் கேக்கலையே" என்பேன்.

"இருக்கட்டுங்க. ஒரு தடவ பாத்துக்குங்க" என்பாள்.