நீலம் போட்ட வெள்ளை

மீட்டரம்மா சிவப்புப் பெர்ரிகளைக் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியின் பின்புறத்தால் நசுக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வரை சாறு. படுக்கையில் கிடந்த அவள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் அந்த வீட்டில் இருந்தேன். அன்று நோயாளியைவிட மகளின் முகம் மோசமாக இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவள் அண்ணனின் தோட்டத்தில் எப்போது பழம் பறிக்கலாம் என்று சொல்வது அவள் வேலை. பறிப்பவர்கள் வைத்த பெயர்தான் மீட்டரம்மா. கருவி ஒன்றும் பிரமாதமில்லை: உள்ளே கறுப்பு பூசிய டப்பா, சின்ன விளக்கு, நிறத்தை எண்ணாகச் சொல்லும் மலிவான சென்சார். முதலில் அதற்கு வெள்ளையைக் காட்டவேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் கூழின் சிவப்பை அளக்கும். எழுபதைத் தாண்டினால் பறிக்கலாம்.

அவள் சொல்லிப் பறித்த முதல் லோடைச் சாயத் தொழிற்சாலை திருப்பி அனுப்பிவிட்டது. நிறமி போதவில்லையாம். பறித்த பழம் இனிப் பழுக்காது. அடுத்த லோடும் இப்படி வந்தால் உங்களிடம் வாங்கவே மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். அவர்களை விட்டால் வாங்க ஆளில்லை.

அண்ணன் வாசலிலேயே நின்றார்.

"காலையில லாரி வருது. மிச்சத்தப் பறிக்கலாமா? உன் டப்பா என்ன சொல்லுது?"

"எழுபத்தாறுண்ணா."

"போன தடவையும் அதத்தான சொல்லுச்சு! பொய்யையாவது கொஞ்சம் மாத்திச் சொல்லக்கூடாதா? இந்த லோடும் போச்சுன்னா செடியெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டுப் போகவேண்டியதுதான்."

அவர் போனபின் சென்சாரைத் துடைத்தாள், விளக்கை மாற்றினாள். எழுபத்தாறு. அழவில்லை, சாப்பிடவுமில்லை. கெஞ்சுவது என் பழக்கமில்லை. தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு விரிப்பை மாற்றப் போனேன்.

கருவியோடு வந்த வெள்ளை ஓடு எப்போதோ உடைந்துபோய், அதற்குப் பதிலாகப் பழைய விரிப்பில் ஒரு துண்டை வெட்டி ஒட்டியிருந்தாள். அதில் சாறு தெறித்துவிட்டது. வேறு துண்டு கேட்டாள். அம்மாவின் விரிப்பு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.

"என்ன நர்சம்மா, இவ்வளவு மங்கலா இருக்கு?"

"துணியோட நெறமே அதுதான். உங்கம்மா உடம்புல அரிப்பு வந்ததுல இருந்து நான் நீலம் போட்டு அலசறதில்ல."

ஒட்டி அளந்தாள். ஐம்பத்தெட்டு. நம்பாமல் பழைய துண்டின் சுத்தமான ஓரத்தை வைத்தாள்: எழுபத்தாறு. மறுபடி புதியது: ஐம்பத்தெட்டு.

பழைய துண்டில் இருந்தது, துணி பளிச்சென்று தெரிய அவளே தண்ணீரில் கலந்த நீலம். நீலத்தை வெள்ளை என்று நம்பிய டப்பாவுக்கு எதைக் காட்டினாலும் இருப்பதைவிடச் சிவப்பு.

"என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன்."

"உங்கண்ணன் தலையிலயும் ரெண்டு கூடை. மொதல்ல சாப்பிடு, தெம்பா நின்னு திட்டு வாங்கலாம்."

"பழுக்கறதுக்குள்ள மழை வந்துட்டா எல்லாம் அழுகிடுமே, நர்சம்மா?"

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

மறுநாள் காலை வானம் மூடியிருந்தது. கூடைகளோடு நின்றவர்களிடம் போய், "தப்பு என்னோடது, பழம் இன்னும் ஆகல. இன்னிக்குப் பறிக்காதீங்க" என்றாள். அண்ணன் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். லாரிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். தூறல் விழ ஆரம்பித்தது. அவள் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துவந்து முதல் வரிசைச் செடிகளின்மேல் தனியாகவே கட்டத் தொடங்கினாள்.