வயலைச் சுற்றிய கம்பி

“அந்த நடிகைக்குக் கல்யாணமாம், ஒரே ஷாக்குடி” என்று அலுவலகத்தில் வித்யா கைப்பேசியை நீட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். பன்றி வராமலிருக்க மிராசுதார் தன் வயலைச் சுற்றி யாரிடமும் சொல்லாமல் மின்கம்பி கட்டியிருந்தார். விடியலில் அங்கே மடை திறக்கப் போன அப்பா அதை மிதித்துவிட்டார். நாங்கள் ஓடிப்போனபோது பால் பிடித்த கதிரின் வாசனையோடு கருகிய வாடையும் அடித்தது.

மிராசுதார் அப்பாவின் பக்கமே திரும்பவில்லை. “மொதல்ல கம்பியச் சுருட்டுங்கடா” என்றார். அப்புறம் அம்மாவிடம் குனிந்து, “மோட்டார்ல ஷாக் அடிச்சதா சொல்லிடு. நாளைக்கும் நீ என் வயலுக்குத்தான வரணும்” என்றார். அம்மா முந்தானையால் அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் என்ன நடந்ததென்று என்னைக் கேட்டார். “மோட்டார்ல ஷாக் அடிச்சிருச்சுங்க” என்றேன்.

“ஏன், உனக்கு ஷாக்கா இல்லையா?” என்றாள் வித்யா.

அந்த வார்த்தையை நான் கடைசியாகச் சொன்னது அந்தப் போலீஸ்காரரிடம்தான்.