அரைச் சில்லுக் கேடயம்

ஜேர்மனியிலிருந்து வரும் அண்ணையின் கடிதத்தை உடைத்ததும் சவர்க்கார வாசம் அடிக்கும். பிள்ளைகளே, எண்பதுகளின் தொடக்கத்தில், மயிலிட்டியில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது வந்த ஒரு கடிதத்துக்குள் உள்ளங்கை அளவில் ஒட்டுகிற "ஸ்ரிக்கர்" ஒன்று இருந்தது. அண்ணை வேலை செய்த மாவட்டத்தின் சின்னம் அது. கேடய வடிவம்; மேலே சிவப்பில் பொன்நிறத்தில் பாதி வண்டிச் சில்லு, கீழே பச்சையில் வெள்ளி மீன். சில்லு அந்த மண்ணை முன்பு ஆண்டவர்களுடையது, மீன் ஆற்றங்கரைச் சனங்களுடையது, பொன்னின்மேல் வெள்ளியோ வெள்ளியின்மேல் பொன்னோ படக்கூடாது என்பது அவர்களுடைய முறை என்று அண்ணை எழுதியிருந்தார்.

இரண்டு வருசத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவர் அவர். அம்மா மீனைப் பார்த்துச் சிரித்தார். சில்லைக் கண்டதும் முகம் வாடினார்.

"இஞ்சேருங்கோ, பாதிச் சில்லோடை என்ரை பிள்ளை எப்பிடித் திரும்பி வரும்?"

"மற்றப் பாதி பக்கத்து மாவட்டக்காரனிட்டை இருக்குமப்பா" என்றார் ஐயா.

கோயில் திருவிழாவுக்கு முன் வள்ளங்களுக்குப் "பெயின்ற்" அடிப்பது எங்கள் கரை வழக்கம். அந்த முறை வள்ளத்தின் முன்பக்கத்தில் ஐயா அந்தக் கேடயத்தைப் பெயின்றால் கீறினார்.

"என்ன அண்ணை, ஜேர்மன்காரன் வள்ளமும் தந்திட்டானோ?" என்று பக்கத்து வள்ளக்காரர் ஐயாவைப் பகிடி பண்ணினார்.

சில்லை முழுதாக்கச் சொல்லி அம்மா கெஞ்சினார். ஐயா இணங்கவில்லை.

"உது அவங்கடை அடையாளம், மாத்தேலாது. பொடியன் வந்து பாத்தால் சிரிப்பான்."

வள்ளத்தில் சின்னம் கீறியதை நான் அண்ணைக்கு எழுதினேன். அடுத்த வருசக் கடிதத்திலும் அதே வாசம். நான்தான் வாசித்தேன். அகதியாகப் பதிந்துவிட்டதால் இனி ஊருக்கு வர வழியில்லை, தன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று இருந்தது. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். ஐயா மஞ்சள் பெயின்ற் பேணியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார். பின்னால் போன நான் பார்த்துக்கொண்டு நிற்க, சிவப்பைத் தாண்டி, பச்சையைத் தாண்டி, எங்கள் மீனின் மேலேயே மற்றப் பாதிச் சில்லைக் கீறினார். சில்லின் ஆரங்கள் கோணிப்போயின.

மறுநாள் அம்மா வந்து பார்த்தார்.

"மீன் எங்கையப்பா?"

"கீழை கிடக்கு."

பிறகு போர் எங்களை அந்தக் கரையிலிருந்து கிளப்பியது. ஐயாவும் அம்மாவும் இடம்பெயர்ந்த ஊர்களிலேயே கண்மூடினார்கள். போன வருசம், தலை முழுதும் நரைத்து, அண்ணை வந்தார். மயிலிட்டிக்குக் கூட்டிப்போனேன். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. வள்ளம் கிடந்த இடத்தில் வெறும் மணல்.

"ஐயா அந்தச் சின்னத்தை அப்பிடியே கீறினவரோடா?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை, அப்பிடியேதான் கீறினவர்" என்றேன்.