எந்த நாட்டில் ஊறுகாய் போடுவது?

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்தபிறகு நீங்களாகக் கண்டுபிடித்து வருத்தப்பட வேண்டாம். சாப்பாட்டுப் பொருள் எதையும் ரப்பர் தோட்டத்து வாசலில் கொண்டுபோகவோ கொண்டுவரவோ கூடாது என்று சட்டம் இருக்கிற நேரத்தில், கையிலிருந்த கணக்குக் கிராணி வேலையை உதறிவிட்டு, தோட்டத்து மக்களுக்கு ஊறுகாய் விற்கக் கிளம்பியவன் நான். மழையில் அப்பளம் காயவைத்தவனைக்கூட நாலு பேர் மன்னிப்பார்கள்.

அங்கே ஊரில் இருக்கிற உங்களுக்கு மலாயாவின் இந்த அவசரகாலத்து நடப்பு புரிய வேண்டுமென்றால், எங்கள் சிம்பாங் அம்பாட் சந்தியிலுள்ள சீனர் கடைக்கு வந்து ஒரு மத்தி மீன் டின் கேட்க வேண்டும். தவுக்கே, அதாவது கடை முதலாளி, டின்னை எடுத்துத் துடைப்பார். பிறகு அதன்மேல் ஆணியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போடுவார். குழம்பு கசியக் கசிய உங்கள் கையில் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்வார். முதல் தடவை நான் சண்டைக்கே போய்விட்டேன். அப்புறம்தான் விளக்கினார்கள். மூடிய டின் காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். ஓட்டை போட்டுவிட்டால் அன்றைக்கே தின்று தீர்த்தாக வேண்டும். இப்போது பழகிவிட்டது. ஓட்டை இல்லாத டின்னைக் கண்டால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தோட்டத்தில் இன்னும் கெடுபிடி. தொழிலாளர்கள் குடியிருக்கிற லயங்களைச் சுற்றி முள்கம்பி. வீட்டுக்கு அரிசி கிடையாது. ஒரு கொட்டகையில் மொத்தமாக வடித்து, சோறாகத்தான் அளந்து கொடுக்கிறார்கள். விடியலில் பால்மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். மத்தியானம் திரும்பி வந்து அந்த ஆறிய சோற்றைத் தின்ன வேண்டும். நான் ஆபீஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்கெழுதும்போது தினமும் அவர்களுடைய புலம்பல் காதில் விழும். ஒருநாள் மாரியாயி அக்கா ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

"கிராணி ஐயா, இந்தச் சோத்தத் தொண்டையில எறக்கறதுக்கும் துரைகிட்டச் சொல்லி ஒரு வழி பண்ணுங்க லா."

என்னிடம் வழி இருந்தது. கிராணி என்பதால் எனக்கு மட்டும் கொண்டுவர விட்டிருந்த மதியச் சாப்பாட்டோடு கமலம் கட்டிக் கொடுத்திருந்த எலுமிச்சை ஊறுகாயில் ஒரு துண்டு கொடுத்தேன். மறுநாள் ஜன்னலுக்கு வெளியே ஒரு வரிசையே நின்றது. அங்கேதான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது.

கமலம் என் மனைவி. அந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவள். அவள் அம்மா இன்னும் கம்பிக்கு உள்ளேதான் இருக்கிறார். அவளுடைய ஊறுகாயில் ஈரக் கரண்டி பட்டதில்லை. உப்பும் வெயிலும் அவள் சொல்கிறபடி கேட்கும். அவள் போடுவாள், நான் பேசுவேன். இதுதான் எங்கள் கம்பெனியின் வேலைப் பங்கீடு. வேலையை விட்டுவிட்டு வந்து நின்றபோது அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி எலுமிச்சை நறுக்கப் போய்விட்டாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் சரக்கை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு தோட்டத்து வாசலுக்குப் போனேன். காவலுக்கு நின்ற மலாய்க்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "ஆச்சார்!" என்று சிரித்தார். மலாயில் ஊறுகாய்க்கு அதுதான் பேர், அவர் வீட்டிலும் உண்டு போலிருக்கிறது. அனுமதிச் சீட்டு எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. அந்த நேரம் பார்த்து ஜீப்பில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து இறங்கினார். ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து ஏதோ கேட்டார். "இது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்கிறார்" என்று காவலர் மலாயில் சொன்னார்.

துரையே விசாரிக்கிறார், மொத்தமாக வாங்கப்போகிறார் என்று நினைத்துவிட்டேன். வியாபாரி நாக்கு சும்மா இருக்குமா? "ஒரு வருசம் தாங்கும் துரை! வெயில்ல வைங்க, மழையில வைங்க, காட்டுக்குள்ளகூட வைங்க, கெடவே கெடாது!" என்று எனக்குத் தெரிந்த மலாயில் முழங்கினேன். காவலரின் சிரிப்பு நின்றுபோனது. பாவம், நேர்மையான மனிதர். காடு உட்பட ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

அதிகாரி மொத்தமாகத்தான் எடுத்துக்கொண்டார். ஊறுகாயோடு என்னையும் சேர்த்து.

சாயங்காலம் வரை காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தவுக்கே வந்து, இவனுக்குப் புரட்சி செய்கிற அளவுக்கெல்லாம் மூளை கிடையாது என்று பொறுப்பேற்றுப் பேசி மீட்டுக்கொண்டு வந்தார். வழியெல்லாம், "லு கீலா லா!" என்று திட்டினார். உனக்குப் பைத்தியம் என்று அர்த்தம். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம் வந்த உத்தரவு இதுதான்: தோட்டத்துப் பக்கம் ஊறுகாயோடு வரக்கூடாது, டவுனுக்குள் வேண்டுமானால் விற்கலாம். டவுனிலோ ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு இருக்கிறது, அரிசி இருக்கிறது, ஊறுகாய் போடத் தெரிந்த ஒரு மாமியார் இருக்கிறார்.

இப்படி நான் ஜாடிகளோடு விழித்துக்கொண்டிருந்தபோதுதான் சின்னையா அண்ணன் வந்தார். எங்கள் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். அலோர் காஜாவில் சவரக்கடை வைத்திருந்தார். கடையை விற்றுவிட்டு அடுத்த கப்பலில் ஒரேயடியாக ஊருக்குப் போகிறார்.

"இங்க என்னத்துக்குடா தம்பி மாரடிக்கிற? அறந்தாங்கிக் கடத்தெருவுல எனக்கு ரெண்டு கதவு எடம் இருக்கு. ஒண்ணுல நான் செரைக்கிறேன், ஒண்ணுல நீ ஊறுகா வில்லு."

"பக்கத்துப் பக்கத்துலயா அண்ணே? ஊறுகாயில முடி கெடந்தா?"

"கெடந்தா கெடக்கட்டும். அங்க எந்த மாத்தா மாத்தாடா வந்து சோதனை போடப்போறான்?"

மாத்தா மாத்தா என்றால் போலீஸ். ஊருக்குப் போகிறவர் வாயில் அதுவும் கூடவே போகிறது.

அன்றிலிருந்து இரண்டு நாட்டையும் மாற்றி மாற்றி எடைபோட்டு எனக்குத் தோள்பட்டை வலிக்கிறது. ஊரில் என் சித்தப்பா மகன் ஒருவன் மளிகைக் கடையில் ஊறுகாய் வைத்துப் பார்த்தான். வாங்க வந்தவர்கள் எல்லாரும் ருசி பார்த்தார்கள், உப்பு கம்மி என்று புத்தி சொன்னார்கள், போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் ஓசியில் கிடைக்கிற பொருளுக்கு எவன் பணம் கொடுப்பான்? ஆக, ஊறுகாய் விற்க விடுகிற நாட்டில் வாங்க ஆளில்லை. வாங்க ஆள் தவமிருக்கிற நாட்டில் விற்க விடமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே கடல்தான் இருக்கிறது. கடலில் கடை போட முடியுமா என்றும் ஒருநாள் யோசித்தேன். அதிலும் உப்புச் செலவு மிச்சம்.

சிரித்துச் சொல்கிறேனே தவிர, அலுத்துவிட்டது. கிராணி வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இப்போது கப்பல் ஏறினால் திரும்பி வர விடுவார்களா என்பது சந்தேகம். காகிதக் கெடுபிடி மாதத்துக்கு மாதம் ஏறுகிறது. போனால் போனதுதான். இருந்தால், இந்தக் கம்பி என்றைக்கு அவிழும் என்று யாருக்கும் தெரியாது. உங்களில் யாருக்காவது இந்தக் கணக்கு வந்திருந்தால் என் களைப்பு விளங்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னையா அண்ணன் முடிவு கேட்டு வந்து வாசலில் உட்கார்ந்தார். மறுநாள் டிக்கெட் எடுக்கப் போவதாக இருந்தார். வீட்டுக்குள் பாதி ஜாடிகளை வைக்கோல் சுற்றிக் கப்பலுக்கென்று பெட்டியில் அடுக்கியிருந்தேன். மீதிப் பாதி, டவுனில் விற்பதற்காகப் பலகைமேல் அப்படியே இருந்தன. நான் நடுவில் நின்று பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பலகையில் வைப்பதும், பலகையிலிருந்து ஒன்றை எடுத்துப் பெட்டியில் வைப்பதுமாக இருந்தேன்.

கமலம் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் இதுவரை கேட்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாட்டின் லாப நஷ்டத்தையும் அவள்முன் விரித்துவைத்தேன். அறந்தாங்கிக் கடைத்தெருவைப் புகழ்ந்தேன். மலாயாவின் எதிர்காலத்தையும் விட்டுவைக்கவில்லை. நல்லெண்ணெய் அங்கே மலிவு என்றேன். வாசலிலிருந்து சின்னையா அண்ணன், "நல்லா எடுத்துச் சொல்லுடா" என்று குரல் கொடுத்தார். கடைசியில் மூச்சு வாங்கியபடி கேட்டேன்: "சொல்லு கமலம், எந்த நாட்டுல போடலாம்?"

அவள் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

"ஊறுகா போடுறவ நாந்தான், நான் எங்கயும் வரல."